சத்தமா இருக்குற எக்ஸாஸ்ட்ட வால்வ் போட்டு அடக்க முடியுமா?

கேள்வி: வணக்கம். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 4 சிலிண்டர் பெட்ரோல் கார்ல பழைய ஓனர் எக்ஸாஸ்ட்ட மாத்தி வச்சிருக்கார். புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு அப்புறம் முழுக்க 2.5 இன்ச் பைப், பின்னாடி ஒரே ஒரு ஸ்ட்ரெய்ட் த்ரூ மஃப்ளர் (புகை நேரா போற சைலன்சர்), நடுவுல சத்தத்த அடக்குறதுக்கு இருந்த ரெசனேட்டர்ங்கற டப்பாவ எடுத்துட்டாங்க. அழுத்தி ஓட்டும்போது வர்ற சத்தம் எனக்கு ரொம்ப புடிக்கும், ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணா தெருவே முழிச்சுக்குது, ஹைவேல 2,500 ஆர்பிஎம் கிட்ட போகும்போது உள்ள ஒரு "கும்ம்ம்"னு அதிர்வு, பின் சீட்ல இருக்குற குழந்தை தூங்கவே மாட்டேங்குது. ஆன்லைன்ல ரிமோட்டோட ஒரு பட்டர்ஃபிளை வால்வ் (பைப்புக்குள்ள தட்டு திரும்பி மூடுறது) கிட் பாத்தேன், பைப்ப வெட்டி நடுவுல வெல்ட் பண்ணிட்டா மூடும்போது சத்தம் அடங்கிடும்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: இப்பதைக்கு வாங்காதீங்க. வால்வே வேணாம்னு சொல்லல, நீங்க பாத்த கிட் உங்க கார்ல இருக்குற பைப் அமைப்புக்கு ஒத்து வராது.

எந்த வால்வ பாத்தாலும் ஒரே ஒரு கேள்விய கேளுங்க: இத மூடுனா புகை எந்த வழியா போகும்? உங்க கார்ல ஒரே பைப், ஒரே வழி. அதுக்கு நடுவுல ஒரு தட்ட வச்சு மூடுனா புகை போக வேற வழியே இல்ல, தட்டோட ஓரத்துல இருக்குற சின்ன இடுக்கு வழியா பிதுங்கித்தான் வெளிய வரும். ஐடில்ல, அதாவது வண்டி நின்னுட்டு இன்ஜின் சும்மா ஓடும்போது, புகை கம்மிங்கறதால சத்தம் கொறஞ்ச மாதிரி இருக்கும், அதுலயும் ஒரு "ஸ்ஸ்"னு சீறல் சேந்துக்கும். மூடி இருக்குறத மறந்துட்டு ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சா பேக் பிரஷர் (வெளிய போக முடியாத புகை திருப்பித் தள்ளுற அழுத்தம்) ஏறும், எரிஞ்ச புகை சிலிண்டருக்குள்ளயே தங்கும், இழுவை போயிடும், சூடு ஏறும், நாக்கிங் (பெட்ரோல் நேரங்கெட்டு எரிஞ்சு இன்ஜின் தட்டுறது) வரவும் வாய்ப்பு இருக்கு. டர்போ வண்டியா இருந்தா இது இன்னும் மோசம். அதனால ஒத்தப் பைப்ப அடைக்கிற வால்வ சத்தம் கொறைக்கிற சாமானாவே நான் எடுத்துக்க மாட்டேன்.

கம்பெனில இருந்தே வால்வோட வர்ற வண்டிங்கள்ல மஃப்ளருக்குள்ள ரெண்டு வழி இருக்கும். ஒண்ணு நேரா வெளிய போற பெரிய பைப், இன்னொண்ணு அறை அறையா சுத்தி, ஓட்டை போட்ட குழாய், அதச் சுத்தி அடைச்ச ஃபைபர் எல்லாம் தாண்டிப் போற நீளமான வழி. பெரிய பைப்ல மட்டும் தட்டு இருக்கும். அது மூடுனா மொத்தப் புகையும் அமைதியான வழில போகும், தொறந்தா நேரா வெளிய. ஆக சத்தத்த கொறைக்கிறது மஃப்ளர்தான், வால்வ் வெறும் வழி மாத்தி விடுற சுவிட்ச். நீங்க தேட வேண்டியது வால்வ் கிட் இல்ல, வால்வ் உள்ளயே இருக்குற ரெண்டு வழி மஃப்ளர், இல்லனா பைப் ரெண்டா பிரிஞ்சு, நேரா போற பக்கத்துல மட்டும் வால்வ், இன்னொரு பக்கம் பெரிய சைஸ் மஃப்ளர் இருக்குற மாதிரி செட்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு பண்ணணும், ஏன்னா உங்களுக்கு இருக்குறது ரெண்டு தனித்தனி பிரச்சினை. காலைல வர்ற சத்தம் வேற, ஹைவே அதிர்வு வேற.

காலைல குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் கேட்டலிடிக் கன்வர்ட்டர சீக்கிரம் சூடாக்கணும்னு ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஐடில ஏத்தி வைக்கும், ஸ்பார்க் அடிக்கிற இக்னிஷன் டைமிங்கையும் தள்ளி வைக்கும், அதனாலதான் முதல் கொஞ்ச நேரம் அவ்ளோ கத்தும். இத வால்வ் மஃப்ளர் நல்லாவே சரி பண்ணும், மூடுன நிலையில ஸ்டார்ட் ஆகுற மாதிரி செட் பண்ணிட்டா போதும்.

ஹைவே அதிர்வு அப்படி இல்ல. 4 சிலிண்டர் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு 2 தடவ எரியும், அப்போ 2,500 ஆர்பிஎம்ல செகண்டுக்கு சுமார் 83 தடவ, அதாவது 83 ஹெர்ட்ஸ். ரொம்ப அடித்தொண்டை சத்தம் இது. ஸ்ட்ரெய்ட் த்ரூ மஃப்ளர்ல இருக்குற ஃபைபர் கீச்சு சத்தத்த நல்லா உறிஞ்சும், இந்த அடி சத்தத்த சும்மா விட்டுடும், கேபின் சேந்து அதிரும்போதுதான் காது அடைக்கிற மாதிரி ஆகுது. முன்னாடி அத அடக்கி வச்சதுல பெரிய பங்கு அந்த எடுத்துப்போட்ட ரெசனேட்டருக்கு இருந்திருக்கும். அதனால மொதல்ல ரெசனேட்டர திரும்ப வைங்க, பைப் சைஸுக்கு ஏத்ததா, எடம் விடுற அளவுக்கு நீளமானதா பாத்து. வால்வ் மஃப்ளர விட செலவு ரொம்ப கம்மி, பாதி கஷ்டம் அதுலயே தீர வாய்ப்பு இருக்கு. அப்பவும் அந்த ஒரு ஆர்பிஎம்ல மட்டும் அதிர்வு மிச்சம் இருந்தா ஒரு பக்கம் மூடுன கிளைப் பைப் ஒண்ணு வைக்கலாம், ஜே பைப்னு சொல்லுவாங்க. அதோட நீளம் அந்த சத்தத்தோட அலை நீளத்துல கால்வாசி இருக்கணும். சூடான புகைக்குள்ள சத்தம் செகண்டுக்கு 500 மீட்டர் கிட்ட போகும்னு வச்சுக்கிட்டா 83 ஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மீட்டர் வருது, அவ்ளோ நீளத்த வண்டிக்கு அடியில மடக்கி வைக்க எடம் இருக்கான்னு வண்டிய லிஃப்ட்ல ஏத்தி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இதெல்லாம் பண்ணியும் சத்தத்த வேணுங்கறப்ப கூட்டிக் கொறைக்கணும்னு ஆசை இருந்தா வால்வ் மஃப்ளர் வாங்குங்க, தப்பே இல்ல. மோட்டார்ல ஓடுறதும் இருக்கு, வேக்குவம்ல, அதாவது இன்ஜின் காத்த இழுக்குற உறிஞ்சல்ல ஓடுறதும் இருக்கு. மோட்டார்னா ரிமோட், பட்டன் எல்லாம் வரும், ஆனா வண்டிக்கு அடியில சூடு, தண்ணி, சேறு எல்லாத்தையும் அந்த சின்ன மோட்டார் தாங்கணும், அதனால மோட்டார் கீழ் பக்கம் பாத்து தொங்காம மேலயோ சைடுலயோ இருக்கணும், நடுவுல ஹீட் ஷீல்டு வேணும், கரண்ட் இக்னிஷன் லைன்ல இருந்து தனி ஃப்யூஸோட எடுக்கணும். நேரா பேட்டரில இருந்து எடுத்தா நிறுத்தி வச்ச வண்டில ரிசீவர் பேட்டரிய உறிஞ்சிட்டே இருக்கும்.

உங்க வண்டி டர்போ இல்லாத பெட்ரோல்னா எனக்கு வேக்குவம் டைப்தான் புடிக்கும், அதுலயும் ஸ்பிரிங் தொறந்து வச்சு வேக்குவம் மூடுற மாதிரி இருக்குறது. ஐடில்ல, இன்ஜினுக்கு காத்து போற மேனிஃபோல்டுல வேக்குவம் அதிகம், தட்டு மூடிக்கும், அமைதி. முழுசா மிதிச்சா வேக்குவம் போயிடும், ஸ்பிரிங் தட்ட தானா தொறந்துடும், இன்ஜினுக்கு மூச்சு முட்டாது. நடுவுல ஒரு சோலனாய்டு (கரண்ட்ல தொறந்து மூடுற சின்ன வால்வ்) போட்டு பட்டன் வச்சுக்கிட்டா எப்பவும் தொறந்தே வைக்கவும் முடியும். குறைன்னு பாத்தா, ஹோஸ் விட்டுப்போனா வண்டி சத்தமாவே ஓடும், இன்ஜினும் அந்த ஓட்ட வழியா காத்த இழுத்து ஐடில் தடுமாறும், ஆனா ஒரு முனைய அடைச்சுட்டு வீட்டுக்கு வந்துடலாம்.

விக்கிறவர் "30 டெசிபல் கொறையும்"னு சொன்னா எப்படி அளந்தீங்கன்னு கேளுங்க. நின்ன வண்டிய அளக்க ஐஎஸ்ஓ 5130னு ஒரு முறை இருக்கு, பைப் வாய்ல இருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்துல மைக், சொன்ன ஆர்பிஎம்ல இன்ஜின். 10 டெசிபல் கொறஞ்சாலே நம்ம காதுக்கு சத்தம் பாதியான மாதிரி தெரியும், அப்போ 30ன்னா எவ்ளோ பெரிய வாக்குன்னு யோசிங்க. மூடி தொறந்து ரெண்டு நிலையிலயும் அதே ஆர்பிஎம்ல உங்க முன்னாடி அளந்து காட்டச் சொல்லுங்க. போன் ஆப்ல வர்ற நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா ஒரே எடத்துல வச்சு ரெண்டையும் ஒப்பிட போதும்.

சட்டத்தையும் பாத்துக்கோங்க. மூடுனா அமைதி, அதனால பிரச்சினை இல்லன்னு நெனைக்காதீங்க. புது வண்டிகளுக்கான ஐநா விதி எண் 51ல எக்ஸாஸ்ட்ல பல மோடு இருந்தா எல்லா மோடுலயும் சத்தம் அளவுக்குள்ள இருக்கணும்னுதான் இருக்கு. உங்க ஊர் விதி என்னன்னு வெல்டிங்குக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

கேள்வி: மஃப்ளருக்கு முன்னாடியே புகைய வெளிய விடுற கட் அவுட் வால்வ் விலை கம்மியா கெடைக்குது. அது பரவாயில்லயா?

பதில்: வேணாம். அது அடக்குற வால்வ் இல்ல, கத்த விடுற வால்வ். அதவிட பெரிய கவலை, புகை வண்டியோட தரைக்கு அடியிலயே வெளிய வரும், கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள ஏறலாம். அதுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல, உள்ள இருக்குறவங்களுக்கு தலை சுத்துற வரைக்கும் தெரியாது. மூடுன நிலையிலயும் இந்த தட்டுங்க முழுசா சீல் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமா கசியும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடியோ பக்கத்துலயோ வச்சிருந்தா வெளிக்காத்து உள்ள போய் சென்சார் தப்பா படிச்சு செக் இன்ஜின் லைட் எரியவும் செய்யும்.

கேள்வி: என் வண்டில ஏற்கனவே வால்வ் மஃப்ளர் இருக்கு. கொஞ்ச நாளா மூடுறதே இல்ல, ஐடில்ல "கடகட"ன்னு ஆடுது. புதுசு வாங்கணுமா?

பதில்: அவசரப்படாதீங்க. எப்பவும் ஒரே நிலையில வச்சு ஓட்டுனா தட்டோட தண்டுல கரி படிஞ்சு இறுகிக்கும், இது ரொம்ப சகஜம். இன்ஜின் நல்லா ஆறுனதும் மோட்டார கழட்டிட்டு தண்ட கையால திருப்பிப் பாருங்க. இறுக்கமா இருந்தா துரு இளக்குற ஆயில் விட்டு முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் வெளிய ஓட விட்டு அந்த ஆயில் எரிஞ்ச வாடை போகட்டும். தண்டு ஈசியா திரும்புது ஆனா மோட்டார் நகரலன்னா ஃப்யூஸ், வயர், மோட்டார்னு வரிசையா பாருங்க, மோட்டார் மட்டும் தனியா கெடைக்கும். தண்டே மேலயும் கீழயும் ஆடுதுன்னா தண்ட தாங்குற புஷ் தேஞ்சு போச்சு, "கடகட" அதுல இருந்துதான் வருது, அப்போ வால்வ் பாகத்த மாத்தித்தான் ஆகணும். அது ஃபிளேஞ்ச் போட்டு போல்ட்ல மாட்டுனதா இருந்தா அந்தப் பாகம் மட்டும் போதும், வெல்ட் பண்ணதா இருந்தா வெட்டணும், அப்படி வெட்டும்போதே அடுத்த தடவைக்கு ஃபிளேஞ்ச் வச்சு மாட்டச் சொல்லிடுங்க.