அட்டையில் வந்தது தேர்வு முடிவா?

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சடித்த அட்டை) எரேமியா 29:11 வந்தது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற வசனம். அண்ணன் அப்போது கேரள பி.எஸ்.சி.யின் எல்.டி. கிளார்க் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்தான். "வேலை உறுதி" என்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். ரேங்க் லிஸ்டில் அவன் பெயர் இல்லை. வீட்டுக் கூட்டம் நடத்தும் சகோதரர், "உங்கள் வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு" என்கிறார். போதகரோ, "அது பாபிலோனில் இருந்த யூதருக்குச் சொன்னது, நமக்கல்ல. இறையியல் தெரியாமல் வசனத்தை எடுக்கக் கூடாது" என்கிறார். மூன்று மாதமாக அம்மா குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, பாறசாலை

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை, சகோதரி. அம்மாவின் மௌனத்துக்குத்தான் இந்த மூன்றில் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

வீட்டுக் கூட்டத்துச் சகோதரர் சொன்னதுதான் பெரிய கெடுதல், அதனால் முதலில் அவர். கெத்செமனேயில் இயேசு மூன்று தரம் ஜெபித்தார், பாடுகளாகிய பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. இவர்களில் யாருக்கு விசுவாசக் குறைவு? லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வு அது. பட்டியலில் பேர் வராத அத்தனை வீட்டிலும் குற்றவாளியைத் தேடிக்கொண்டு போவாரா? எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் குற்றம் தேடிய அவருடைய நண்பர்கள் செய்தது இதைத்தான். கடைசியில் தேவனுடைய கோபம் யோபுவின்மேல் வரவில்லை, அந்த நண்பர்கள்மேல் வந்தது. யோபு புத்தகத்தின் அந்தக் கடைசி அதிகாரத்தை அவர் ஒருமுறை படிக்கட்டும். அப்புறம் அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்கட்டும்.

சரி, வசனத்துக்கு வருவோம். எங்கள் வீட்டு மேஜையில் இரண்டு வேதாகமம் உண்டு. என்னுடையது தமிழ், நம் சபைகளில் புழங்கும் பழைய திருப்புதல். என் மனைவி நெய்யாற்றின்கரைப் பக்கம் மலையாள ஆராதனையில் வளர்ந்தவள். அவளுடையது மலையாள சத்தியவேதபுஸ்தகம். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தோம். தமிழில், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று இருக்கிறது. மலையாளத்தில் அதே இடத்தில் 'சுபபாவி' என்று நிற்கிறது, அதாவது நல்ல வருங்காலம். (அங்கே 'பாவி' என்றால் எதிர்காலம், நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் பாவி வேறு.) எபிரெய மூலத்தில் இரண்டு சொற்கள்: அகரீத், திக்வா. பின்னால் வருவது என்பது ஒன்று, நம்பிக்கை என்பது மற்றொன்று.

'முடிவு' 19-ஆம் நூற்றாண்டுத் தமிழுக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் 'தேர்வு முடிவு' என்று பேப்பரில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதுவும் மகன் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற வரி எப்படிப் படும்? அம்மா வசனத்தைத் திரிக்கவில்லை. கையில் கொடுத்த ஒரு வரித் தமிழை இன்றைய தமிழாகப் படித்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'உங்களுக்கு' என்று நாம் மரியாதைக்கும் சொல்வோம். நம் வேதாகமத்தில் அந்த வழக்கம் இல்லை. கர்த்தர் ஒரே ஆளிடம் பேசினால் 'நீ' என்பார். ஆபிரகாமுக்கும் 'நீ'தான், மோசேக்கும் 'நீ'தான். 'நீங்கள்' என்று வந்தால் எதிரே ஒரு கூட்டம் நிற்கிறது. இங்கே நிற்பது கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன ஜனம். எரேமியா அவர்களுக்கு எழுதின கடிதத்தில் ஒரு வரிதான் உங்கள் அட்டையில் வந்தது.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் கடிதத்தின் கனம் புரியும். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும், ஆலயத்துப் பணிமுட்டுகளும் வரும், பிடிபட்டுப்போனவர்களும் வருவார்கள் என்று ஆலயத்தில் வைத்துச் சொல்கிறான். கேட்ட எரேமியா சண்டைக்குப் போகவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் ஆசை இருந்திருக்கும், அவருடைய ஜனம்தானே. ஆனால் அனனியா சொன்னது கர்த்தர் அனுப்பாத வார்த்தை என்று அப்புறம் தெரிகிறது. எரேமியா அனுப்பிய கடிதத்தில் இருப்பது இரண்டு வருஷம் இல்லை, எழுபது வருஷம். கேட்டவர்களில் பலர் திரும்பும் நாளைக் காணமாட்டார்கள். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் 11-ஆம் வசனத்துக்கு வருகிறார். எதிர்பார்த்தது சீக்கிரம் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட மக்களுக்கு, "நான் உங்களை மறக்கவில்லை" என்று சொன்ன வார்த்தை அது. உங்கள் அண்ணனின் பெயர் லிஸ்டில் வந்திருந்தால் அந்த வசனம் உங்கள் வீட்டுக்கு இவ்வளவு பொருந்தியிருக்காது.

இதைத்தான் போதகர் சொல்லியிருக்க வேண்டும். யூதருக்குச் சொன்னது என்றது உண்மை. "நமக்கல்ல" என்று அங்கேயே நிறுத்தியதுதான் தவறு. நமக்கல்ல என்றால் ஞாயிற்றுக்கிழமை அதை எதற்கு வாசிக்கிறோம்? அட்டையை அச்சடித்துத் தட்டில் வைத்து நீட்டியது சபை. அன்று ராத்திரி சொல்லாத இறையியலை, ஒரு தாய் உடைந்துபோன பிறகு சொன்னால் அது கண்டிப்பாக மட்டும்தான் காதில் விழும். 1806-இல் லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு, எழுத்து மறுக்கப்பட்டிருந்த மக்களை உட்காரவைத்து எழுத்தும் வேதமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த மண் இது. பாறசாலையும் அந்த லண்டன் மிஷன் வளர்த்த சேகரம். ஓலைக் கொட்டகையில் வினாவிடை சொல்லிக்கொடுத்த உபதேசியார் செய்தது இறையியல் இல்லாமல் வேறென்ன? அந்தக் கொட்டகையில் படித்தவர்களின் பேத்தியைப் பார்த்து "இறையியல் தெரியாமல்" என்று சொன்னது எனக்கு மிகவும் வலிக்கிறது.

அட்டை எடுக்கும் பழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1728-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ஃப் பிரபு மொராவியச் சபையாருக்கு மறுநாளைக்கென்று ஒரு வார்த்தையைக் கொடுத்தார். 1731 முதல் அந்த வசனங்கள் வருஷாவருஷம் புத்தகமாக அச்சாகின்றன. அங்கே ஊர் முழுவதற்கும் ஒரே வசனம். அதைச் சகோதரர்கள் வீடு வீடாக எடுத்துப்போய்ச் சொன்னார்கள், வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றும் விசாரித்தார்கள். நம்மிடம் அட்டை இருக்கிறது. விசாரிக்க வரும் ஆளைக் காணோம்.

அம்மாவை ஜெபத்துக்கு வற்புறுத்தாதீர்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கேட்டவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்தக் கேள்வியே வேதத்துக்குள் இருக்கிறது. அம்மா மூன்று மாதமாகப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான். இன்னொரு நாள், அண்ணனையும் கூப்பிட்டு, எரேமியா 29-இல் 4 முதல் 14 வரை பதினோரு வசனத்தையும் சத்தமாக வாசியுங்கள். 12-ஆம் வசனம், "அப்பொழுது நீங்கள் கூடிவந்து" என்று ஆரம்பிக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.

இந்தப் பக்கத்தைப் போதகரிடம் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த வருஷத்து அட்டைகள் அச்சுக்குப் போவதற்கு முன் காட்டுங்கள்.