எட்டு கோரா, நான்கு கோரா? பழைய பிராசசர் வாங்கும் முன்

கேள்வி: காரைக்குடியில் சிறிய டி.டி.பி. மையம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ்களையும் மணிவிழா மலர்களையும் பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் வடிவமைப்பது அன்றாட வேலை. அண்மைக் காலமாகச் சுற்றுப்பட்டு ஊர்களின் வளவு வீடுகளிலிருந்து (நகரத்தாரின் முற்றம் வைத்த பெரிய வீடுகள்) பழைய நிழற்படங்கள், இசைகுடிமானங்கள் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஆவணங்கள்), பர்மா, மலேயாக் காலத்துப் பேரேடுகள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எப்போதாவது விழா வீடியோவும் வெட்டி ஒட்டித் தருவதுண்டு. இப்போது இரண்டு பழைய கணினிகள் விலைக்கு வந்துள்ளன. ஒன்று, அலுவலகத்தில் ஓடிய இன்டெல் கோர் ஐ5-3470. மற்றொன்று, அசெம்பிள் செய்யப்பட்ட ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ்-8350. இரண்டிலும் ராம் 8 ஜி.பி.; விலையும் ஏறத்தாழ ஒன்றே. எட்டு கோரும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) 4 கிகாஹெர்ட்ஸும் கைக்கு வரும்போது நான்கு கோரையும் 3.2 கிகாஹெர்ட்ஸையும் வாங்குவது தவறு என்கிறான் என் தம்பி. தங்கள் கருத்து என்ன?
– வாசகி, காரைக்குடி

பதில்: தங்கள் வேலைக்கு ஐ5-3470 உள்ள கணினியையே வாங்குங்கள். தம்பி சொல்லும் எண்கள் சரியானவை. ஆனால் அந்த எண்களைக் கொண்டு இந்த இரண்டு பிராசசர்களையும் ஒப்பிட முடியாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டுமே 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தவை. அன்று அமெரிக்காவில் இரண்டின் விலையும் 200 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. எஃப்.எக்ஸ்-8350-இல் எட்டு கோர்கள் நான்கு இணைகளாக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் முழு எண் கணக்குப் போடும் பகுதி இரண்டு கோர்களுக்கும் தனித்தனியாக உண்டு. தசமக் கணக்குப் போடும் பகுதியும், கட்டளைகளைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் பகுதியும் இரண்டுக்கும் பொது. ஒரே வளவில் தனிக்குடித்தனமாக வேறு வைக்கப்பட்ட இரண்டு குடும்பங்களுக்கு அடுப்பு தனித்தனியாகவும் ஆட்டுக்கல் பொதுவாகவும் இருந்தால் எப்படியோ, அப்படித்தான். இருவரும் ஒரே நேரத்தில் மாவாட்ட வந்தால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். இதை எட்டு கோர் என்று விளம்பரப்படுத்தியது சரியா என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், 2019-இல் அந்நிறுவனம் 1.21 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது.

கிகாஹெர்ட்ஸ் கணக்கும் இப்படியே. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. ஐ5-3470-இன் ஒரு கோர், துடிப்பு ஒன்றுக்கு எஃப்.எக்ஸ். கோரைவிட மிகுந்த வேலையை முடிக்கிறது. தேவைப்படும்போது தானாகவே 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்துகொள்ளவும் செய்கிறது. ஆகவே ஒற்றைக் கோரை நம்பி ஓடும் வேலைகளில் இன்டெல் தெளிவாக முந்துகிறது. எட்டு கோர்களுக்கும் ஒருசேர வேலை கொடுக்கக்கூடிய வீடியோ மாற்றம் போன்றவற்றில் ஏ.எம்.டி. முந்துகிறது.

இனித் தங்கள் மேசைக்கு வருவோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். வீட்டுக் கணினிகளில் ஒரே ஒரு கோர் இருந்த காலம் அது. அந்த மென்பொருளுக்கு எட்டு கோர் கொடுத்தாலும் அது ஒன்றைத்தான் பயன்படுத்தும். மற்ற ஏழும் சும்மா இருக்கும். கோரல்டிராவில் ஓர் அழைப்பிதழின் கொடியையும் கோலத்தையும் நகர்த்தும்போது திரை தயங்குகிறதா இல்லையா என்பதையும் பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகமே தீர்மானிக்கிறது. தாங்கள் எப்போதாவது செய்யும் வீடியோ வேலைக்காக, நாள்தோறும் செய்யும் வேலையின் வேகத்தை விட்டுக்கொடுப்பது பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. மேலும், ஐ5-3470-க்குள் இருக்கும் எச்.டி. 2500 கிராஃபிக்ஸ் பகுதியிலேயே வீடியோவை விரைவாகச் சுருக்கித் தரும் வசதி உண்டு. அதன் தரம் பாதுகாத்து வைப்பதற்கு ஏற்றதில்லை என்றாலும், வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பத் தாராளமாகப் போதும்.

எஃப்.எக்ஸ்-8350-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. அந்தக் கார்டும் பத்தாண்டுப் பழையதாக இருந்தால், பழுதாகக்கூடிய பொருள் ஒன்று கூடுதலாக வீட்டுக்கு வருகிறது என்று பொருள்.

வெப்பத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். தயாரித்த நிறுவனங்கள் குறிப்பிடும் வெப்ப அளவு ஐ5-3470-க்கு 77 வாட், எஃப்.எக்ஸ்-8350-க்கு 125 வாட். இந்த 48 வாட் வித்தியாசத்தை அப்படியே மின்செலவாக எடுத்துக்கொண்டு, நாளுக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் முழுச் சுமையில் ஓடுவதாக வைத்தாலும் மாதம் 10 யூனிட்டுக்குள்தான் வரும். பணமாகப் பார்த்தால் அது பெரிதில்லை. ஆனால் கத்திரி வெயிலில், நம் பகுதியின் செம்மண் புழுதி விசிறியிலும் ஹீட் சிங்கிலும் (பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) படிந்த நிலையில், அந்தக் கூடுதல் வெப்பம் வெளியேற வழி தேடும். விலை மலிவான பல ஏ.எம்.டி. மதர்போர்டுகளில் 125 வாட்டைத் தாங்கும் அளவுக்கு மின்வழங்கும் பகுதி இல்லை. சூடு ஏறியதும் பிராசசரின் வேகம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். மின்சாரம் போகும்போது யு.பி.எஸ். தாங்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும்.

ஸ்கேன் வேலைக்குப் பிராசசரைவிட ராமும் டிஸ்க்கும்தான் முக்கியம். ஏ4 அளவுத் தாள் ஒன்றை 600 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது சுமார் 3.5 கோடிப் புள்ளிகள்; சுருக்காத நிலையில் அது 100 எம்.பி.-யைத் தாண்டும். போட்டோஷாப்பில் கறை நீக்கவும் கிழிசலை ஒட்டவும் நான்கைந்து அடுக்குகள் வைத்து, இரண்டு மூன்று படங்களையும் ஒருசேரத் திறந்தால் 8 ஜி.பி. ராம் திணறும். 16 ஜி.பி. ஆக்கிக்கொள்ளுங்கள், 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 துண்டுகள் இரண்டாக, இணையாகப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் கோப்புகளின் நகலுக்கு வைத்துக்கொண்டு, விண்டோஸையும் மென்பொருள்களையும் எஸ்.எஸ்.டி.-க்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள் இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. தங்கள் கைக்கு வரும் ஓர் இசைகுடிமானத்துக்கும் வேறு பிரதி இராது. இரண்டாவது நகல் எடுக்காமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எஸ்.எஸ்.டி. இணைப்பில் மட்டும் ஏ.எம்.டி. கணினிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் மதர்போர்டு எஸ்.பி.950 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லு) உள்ளதாக இருந்தால், டிஸ்க்குகளைச் செருகும் 6 ஜி.பி.பி.எஸ். சாட்டா இணைப்புகள் ஆறு கிடைக்கும். இன்டெல் கணினியில் எச்61 சிப்செட் இருந்தால் எல்லாமே 3 ஜி.பி.பி.எஸ். இணைப்புகள்தான், பி75 என்றால் வேகமான இணைப்பு ஒன்றும், யு.எஸ்.பி. 3.0-உம் உண்டு. எனவே வாங்கும் முன் மூடியைத் திறந்து மதர்போர்டின் பெயரைப் பார்த்துவிடுங்கள். எச்61 ஆக இருந்தாலும் என் தேர்வு மாறாது, ஏனெனில் அதிலும் எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க்கைவிடப் பன்மடங்கு விரைவாகவே இயங்கும். விலையைச் சற்றுக் குறைத்துக் கேளுங்கள். பிற்காலத்தில் வீடியோ வேலை பெருகினால், அதே சாக்கெட்டில் எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) கொண்ட ஐ7-3770-ஐப் பொருத்தலாம். அதுவும் 77 வாட்தான்.

இரண்டு பிராசசர்களும் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பேஜ்மேக்கருக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால், இந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் மின்னஞ்சலை வேறு கருவியில் பார்ப்பது நல்லது. வெளியிலிருந்து வரும் பென் டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் செருகாதீர்கள்.

கேள்வி: என்னிடம் ஐ5-2400 உள்ளது. அதை விற்றுவிட்டு ஐ5-3470-க்கு மாறலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். தங்களுடையது 2011-இல் வந்த முந்தைய தலைமுறை. அதுவும் நான்கு கோர்தான், 3.1 கிகாஹெர்ட்ஸ், 95 வாட். வேகத்தில் வித்தியாசம் பத்து விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். கையில் வேலை செய்யும்போது அது தெரியாது. அந்தப் பணத்தில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். ஹீட் சிங்கைக் கழற்றித் தூசியைத் துடைத்து, அதற்கும் பிராசசருக்கும் இடையில் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.