கூட்டம் இருக்கு, யாவாரம் இல்லையே! வாசகர் கேள்வி பதில்

மாசி பிறந்துவிட்டால் நம்ம பக்கம் கோவில் திருவிழா, தேர், விற்பனைக் கண்காட்சி என்று வரிசை கட்டும், அப்படியே ஏப்ரலில் நுவரெலியா சீசன். அதனால்தானோ என்னவோ இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய ஸ்டால் போடுவதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் நாத்தனாரும் வீட்டிலேயே மிளகாய்த்தூள், கறித்தூள், தேசிக்காய் ஊறுகாய் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறோம். போன மாதம் டவுனில் நடந்த விற்பனைக் கண்காட்சியில் முதல் தடவையாக ஸ்டால் போட்டோம். மேசைக்குத் துணி விரித்து, பெனர் அடித்து, 400 கிராம் கண்ணாடிப் போத்தல்களை அழகாக அடுக்கி வைத்தோம். நல்ல கூட்டம். எல்லோரும் பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். இட வாடகைகூடத் தேறவில்லை. எங்கே பிழை?
வாசகி, கொட்டகலை

பதில்: தங்கச்சி, பெனரைக் குறை சொல்ல மாட்டேன், அதைப் பார்த்துத்தானே வந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு இடிப்பது அந்தக் கண்ணாடிப் போத்தல். வாங்க வருகிறவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையிலேயே தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர், ஒரு கையில் அரிசி, மா, சீனிப் பை, மற்றக் கையில் பிள்ளை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சந்தியில் இறங்கி, அங்கிருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) மேட்டில் ஏறி நடக்க வேண்டும். அவரிடம் உடையக்கூடிய ஒரு போத்தலை நீட்டினால் நாக்கில் எச்சில் ஊறினாலும் "அடுத்த முறை பார்ப்போம்" என்றுதான் சொல்வார், அதை ஊறுகாய் பிடிக்கவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய போத்தல் நாலைந்து இருக்கட்டும், மற்றதெல்லாம் 50 கிராம், 100 கிராம் பைக்கட்டாக, பையின் ஓரத்தில் செருகிக்கொண்டு போகிற மாதிரி இருக்கட்டும். 100 ரூபாவுக்கு ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. நாள் சம்பளக் கணக்கில் வாழ்கிறவர், ருசி தெரியாத ஒரு போத்தலுக்கு 700 ரூபாவை எடுத்து வைப்பார் என்று எதிர்பார்ப்பது சரியா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது நாள். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில், அட்வான்ஸ் 25ஆம் திகதி வாக்கில். உங்கள் கண்காட்சி எந்தத் திகதியில் நடந்தது என்று எழுதவில்லை, ஆனால் 20ஆம் திகதி வாக்கில் நடந்திருந்தால் கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போனதில் ஆச்சரியமே இல்லை. ஏற்பாட்டாளர்கள் மண்டபம் எப்போது கிடைக்குமோ அப்போது நாள் குறித்துவிடுவார்கள், ஸ்டால் எடுப்பதா வேண்டாமா என்பது நம்ம கையில். வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஸ்டால் போட முடியும் என்றால் தீபாவளிக்கு முந்திய வாரத்தை விடாதீர்கள், பண்டிகை அட்வான்ஸ் கைக்கு வந்திருக்கும், டவுனே நிரம்பி வழியும்.

நேரமும் அப்படித்தான். பகல் ஒரு மணிக்கு மேல் ஜனம் பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கிவிடும், அப்புறம் நீங்கள் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் காதில் விழாது. மார்ச், ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியோடு மழை வேறு. ஆகவே ஒன்பது மணிக்கு மேசை தயாராக இருக்க வேண்டும், பத்து மணிக்கு வந்து துணி விரித்துக்கொண்டிருந்தால் பாதி யாவாரம் போனது போனதுதான். தறப்பாள், கயிறு, மேசையை மூட ஒரு பெரிய பொலித்தீன் விரிப்பு, இவை இல்லாமல் வெளியில் கடை போடவே வேண்டாம். மிஸ்ட் இறங்கினால் கடதாசி லேபல் ஊறிப்போய் உரியும், தூள் பைக்கட்டை நன்றாக ஒட்டாவிட்டால் கட்டி தட்டும்.

இனி ஸ்டாலுக்குள் வருவோம். ஊறுகாயைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, ருசித்துத்தான் வாங்குவார்கள். அதற்குக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் வைக்காதீர்கள், அப்புறம் அந்தக் கையை எங்கே துடைப்பது? காலையில் வீட்டில் கோதுமை மா ரொட்டி கனமாகச் சுட்டு, துணியில் சுற்றி டிபன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியில் கொஞ்சம் ஊறுகாய் தடவி, பல் குத்தும் குச்சியில் குத்தி நீட்டுங்கள். ரொட்டியும் உறைப்பும் நம்ம ஆட்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகின ருசி, வாயில் போட்டவர் இரண்டு நிமிஷமாவது நிற்பார், அந்த இரண்டு நிமிஷம்தான் உங்களுக்கு வேண்டியது. ஒருவர் கொடுக்க, ஒருவர் காசு வாங்க என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஊறுகாய்க் கையோடு நோட்டைத் தொட்டால் பார்க்கிறவருக்கே முகம் சுளிக்கும். சாப்பாட்டுச் சாமான் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பைக்கட்டில் பெயர், நிறை, என்னென்ன சேர்ந்திருக்கிறது, செய்த திகதி, காலாவதித் திகதி, உங்கள் விலாசம் எல்லாம் இருக்கட்டும்.

விலை எழுதி வைத்தீர்களா? நீங்கள் அனுப்பிய படத்தில் காணவில்லை. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவது நம்ம ஆட்களுக்குப் பெரிய கூச்சம், அதனால் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். கொட்டை எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் விலையைக் கண்ணில் படும்படி வைக்கத்தான் சொல்கிறது. அப்புறம், கதிரையை மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து போனைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் கதிரையையே கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. உதாரணத்துக்கு இட வாடகை 3000, த்ரீவீல் 2500, ஒத்தாசைக்கு வருகிறவருக்கு 2000, சாப்பாடு தேத்தண்ணி 500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8000 ரூபா. ஒரு பைக்கட்டில் உங்களுக்கு மிஞ்சுவது 40 ரூபா என்றால் 200 பைக்கட்டு விற்ற பிறகுதான் முதல் சதம் லாபம். 200 விற்கும் கூட்டமா அது என்று இடத்தை எடுக்க முன்னமே யோசியுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஸ்டால்காரரோடு வாடகையைப் பங்கு போட முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

கேள்வி: நான் ஒரு நேரடி விற்பனைக் கம்பெனியின் ஏஜென்ட். பிளாஸ்டிக் டப்பா, முகத்துக்குப் பூசும் கிரீம், சத்துமா எல்லாம் இருக்கிறது. தேர்த் திருவிழாவில் ஸ்டால் போடச் சொல்கிறார்கள். ஆனால் கம்பெனியில் எனக்கு மேலே இருக்கிற அண்ணன், "சாமான் விற்பதை விடு, ஆள் சேர், அதில்தான் காசு" என்கிறார். என்ன செய்யலாம்?
வாசகர், இராகலை

பதில்: தம்பி, அந்த அண்ணன் சொல்வதைக் கேட்டு ஸ்டாலில் பெயர்ப் பட்டியலை வைக்காதீர்கள். சாமானை விற்றுக் கமிஷன் எடுப்பது ஒரு தொழில். சேருகிறவரிடம் காசை வாங்கி, அவர் இன்னும் ஆள் சேர்த்தால்தான் காசு திரும்பும் என்கிற ஏற்பாடு பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடை செய்கிறது, நடத்துகிறவரை மட்டுமல்ல, விளம்பரம் செய்கிறவர், ஊக்குவிக்கிறவர் என்று எல்லோரையும் அது பிடிக்கும். திருவிழாவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நிற்கிற நீங்களும் அதற்குள் வந்துவிடுவீர்கள். தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது, உங்கள் கம்பெனியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெயர் இல்லை என்பதால் மட்டும் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். உங்களுக்குக் கீழே இனி ஒருவருமே சேரவில்லை என்றால் சாமான் விற்றே உங்களுக்கு ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் அங்கே சாமான் சும்மா ஒரு சாட்டு. சேர்ந்து காசு போகப்போவது யாருக்கு? ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் இருக்கிற உங்கள் சித்திக்கும் மச்சானுக்கும். அதற்குப் பிறகு நீங்கள் ஊரில் எப்படி முகம் கொடுப்பீர்கள்?

மிஞ்சும் என்றால் தாராளமாக ஸ்டால் போடுங்கள், ஆனால் டப்பாவை முன்னால் வையுங்கள். ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மூடியை அமுக்கி, நிற்கிற பையனின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடியுங்கள், சொட்டாவிட்டால் கைதட்டல், சொட்டினால் சிரிப்பு, எப்படியும் பத்துப் பேர் சேருவார்கள். (வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.) சாமி பார்க்க வந்தவர் அன்றைக்கு வாங்காவிட்டாலும் பரவாயில்லை, "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காட்டட்டுமா, பக்கத்து வீட்டு அக்காமாரையும் கூப்பிடுங்கள்" என்று கேட்டுப் போன் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு நாளுக்குள் எடுத்துப் பேசுங்கள், அதற்கு மேல் போனால் உங்களை யாரென்றே நினைவிருக்காது. சத்துமாவைக் காட்டி "சீனி குறையும், பிரஷர் நிற்கும்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். அதை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர், விலாசம், திகதி இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் உங்கள் பெட்டியில் இருந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, அதே கம்பெனியின் வேறு ஏஜென்ட் யாராவது அங்கே ஸ்டால் எடுத்திருக்கிறாரா என்று கோவில் கமிட்டியிடம் காசு கட்ட முன்னமே கேளுங்கள்.

கேள்வி: பதுளையில் மூலிகைக் கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்கிறேன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் கடை போட்டபோது எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துவிட்டது. வந்தவர்கள் "மெழுகு கலந்திருக்கா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷமும் போகலாமா?
வாசகி, பதுளை

பதில்: போகலாம் அக்கா. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறையும். பதுளைச் சூட்டில் அது தெரிந்திருக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஏப்ரலிலும் விடியும்போது பல் கிட்டும், போத்தல் உறையாமல் என்ன செய்யும்? குறுகிய வாய்ப் போத்தலை விட்டுவிட்டு, விரல் விட்டு எடுக்கிற மாதிரி அகல வாய்ப் போத்தலுக்கு மாறுங்கள். ஒரு சுடுதண்ணிப் பிளாஸ்க்கும் கிண்ணமும் வைத்துக்கொண்டு, கேட்கிறவர் முன்னாலேயே ஒரு போத்தலை அதில் இறக்குங்கள். அடியில் வெள்ளை கரைந்து, ஓரமெல்லாம் பச்சையாகத் தெளிந்து வருவதைப் பார்த்த பிறகு மெழுகுப் பேச்சு வராது. அதற்காக "உறைகிறதே, அதுதான் சுத்தத்துக்கு அத்தாட்சி" என்று சொல்லி விற்காதீர்கள், பாம் எண்ணெயும் குளிரில் உறையும், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

போத்தல், அளவு, நேரம் பற்றி மேலே கொட்டகலைத் தங்கச்சிக்குச் சொன்னதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். சீசனுக்கு வருகிறவர்கள் கொழும்பிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வேன் பிடித்து வருகிறவர்கள். கண்ணாடிப் போத்தல், பெரிய அளவு, பரிசு கொடுக்கிற மாதிரிப் பெட்டி எல்லாம் அங்கே எடுபடும், லேபல் மூன்று மொழியிலும் இருக்கட்டும். காலையில் அவர்கள் விக்டோரியா பூங்கா, குதிரைப் பந்தயம் என்று போய்விடுவார்கள், கிரகரி வாவிப் பக்கம் கூட்டம் பின்னேரம்தான் சேரும். மழைக்கும் குளிருக்கும் நீங்கள் தயாராகப் போங்கள், ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றால் பேச்சு வராது. இடத்துக்கு யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை மாநகர சபையிலேயே நேரில் கேளுங்கள், இடையில் ஒருவர் "நான் எடுத்துத் தாரேன்" என்று அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டாலுக்கு வருகிற சொந்தக்காரர்களும் பக்கத்து லயத்துக்காரர்களும் கடன் கேட்கிறார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது?
வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஊரில் இருக்கும்போது கொப்பியில் எழுதிக் கொடுக்கிறீர்களோ இல்லையோ, அது உங்கள் விருப்பம். ஸ்டாலில் வேண்டாம். ஒருவருக்கு எழுதுவதைப் பின்னால் நிற்கிற நாலு பேர் பார்ப்பார்கள். "இன்றைக்குச் சாமான் கூட்டுச் சாமான், நாத்தனாருக்கு இரவே கணக்குக் காட்டணும், சம்பளத்துக்கு வீட்டில் வந்து எடுங்க, விலை இதேதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். மாமியார் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதில் வாதாடி ஜெயித்தவரில்லை.

கேள்வி: ஸ்டாலில் கியூஆர் அட்டை வைக்க வேண்டுமா? சீட்டுக் குலுக்கல் வைத்தால் கூட்டம் வருமா?
வாசகர், பண்டாரவளை

பதில்: கியூஆர் வையுங்கள், வங்கியில் கேட்டால் லங்காகியூஆர் அட்டை தருவார்கள், டவுன் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும் அதில்தான் கட்டுகிறார்கள். ஆனால் பள்ளத்தில் இருக்கிற மைதானம் என்றால் சிக்னல் போய்ப்போய் வரும், காசு வந்ததாக உங்கள் போனுக்குச் செய்தி வந்த பிறகு சாமானைக் கொடுங்கள், அவர் போனில் காட்டுகிற படத்தை நம்ப வேண்டாம். சில்லறைக்கு 20, 50, 100 ரூபா நோட்டாக முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் முதல் ஆளே 5000 ரூபாவை நீட்டுவார். குலுக்கலுக்குக் கூட்டம் வரும், சீட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தறப்பாள் வாங்குங்கள்.