வியன்னாவிலிருந்து வெனிஸ்: இரவு ரயிலா, விமானமா?

கேள்வி: மே மாதம் வியன்னாவிலிருந்து வெனிஸ் போகிறோம். நான், மனைவி, 7 வயது மகன், மூட்டுவலி உள்ள அம்மா. விமானம் மலிவாகத் தெரிகிறது, இரவு ரயில் விலை கூட. எதில் போகலாம்?

ரயிலில் போங்கள். நீங்கள் நான்கு பேர், அதுதான் முக்கியக் காரணம். நைட்ஜெட் என்கிற அந்த இரவு ரயிலில் கூஷெட் என்று ஒரு வகுப்பு உண்டு, ஏறக்குறைய நம்மூர் த்ரீ டயர் மாதிரி, ஆனால் ஒவ்வொரு அறைக்கும் கதவு இருக்கும், உள்பக்கம் பூட்டிக்கொள்ளலாம். நான்கு படுக்கை உள்ள அறையை மொத்தமாக எடுத்துவிட்டால் வெளியாள் யாரும் வரமாட்டார்கள். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை, பையன் எப்படியும் ஏணியில் ஏறி மேலேதான் படுப்பேன் என்று நிற்பான். கழிப்பறை மட்டும் அறைக்கு வெளியே, பெட்டியின் கோடியில். அம்மா ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பார் என்றால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். மலிவு விமான டிக்கெட்டில் பெரும்பாலும் சீட்டுக்கடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் சேர்த்தி. சூட்கேஸுக்குத் தனிக் காசு, இரண்டு ஊரிலும் விமான நிலையத்துக்குப் போகவர நான்கு பேருக்குக் காசு, அப்புறம் அந்த ஒரு ராத்திரிக்கு ஹோட்டல், எல்லாவற்றையும் கூட்டிவிட்டு ரயில் விலையைப் பாருங்கள். பறப்பது என்னவோ ஒரு மணி நேரம்தான், ஆனால் பாதிப் பகல் போய்விடும். சில விமானங்கள் வெனிஸ் என்று சொல்லி ட்ரெவிசோ என்ற வேறு ஊரில் இறக்கிவிடும். ரயிலோ காலை எட்டரை வாக்கில் வெனிஸுக்குள்ளேயே இருக்கிற சாந்தா லூசியா நிலையத்துக்கே போய்விடுகிறது. படியிறங்கினால் எதிரே கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய், அக்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம், பக்கத்திலேயே படகுத்துறை.

தூக்கத்துக்கு உத்தரவாதம் தரமாட்டேன். நடுராத்திரியில் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவார்கள், ஒரு குலுக்கு குலுக்கும். காதடைப்பான் எடுத்துப் போங்கள். சாப்பாட்டுப் பெட்டி கிடையாது, இரவுச் சாப்பாட்டை வியன்னா ஸ்டேஷனிலேயே வாங்கிவிடுங்கள். காலையில் பன், வெண்ணெய், ஜாம், காபி தருவார்கள். குடும்ப அறைகள்தான் முதலில் தீரும், தள்ளிப்போடாதீர்கள்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே ராத்திரியில், வண்டி மாறாமல் போகிற ஊருக்குத்தான். அதே வியன்னாவிலிருந்து பார்சிலோனா என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் விமானம் என்றிருப்பேன்.

இன்னொன்று, காலையில் போனவுடன் ஹோட்டல் அறை கிடைக்காது, மதியம் இரண்டு மூன்று மணி ஆகும். பெட்டிகளை மட்டும் அங்கே வைத்துவிட்டுச் சுற்றலாம். ஹோட்டலைப் படகுத்துறைக்குப் பக்கத்தில் பாருங்கள். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, அம்மாவின் மூட்டுக்கு ரயிலைவிட அதுதான் பெரிய சோதனை.