ஆண் கொசு வளர்ப்புக் கூடம்: பெண் நழுவாமல் பார்ப்பது எப்படி? – கேள்வி பதில்

சிங்கப்பூர் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2019 டிசம்பரில் அங் மோ கியோவில் திறந்த கூடத்தில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைக் குறைக்க ஊரில் விடும் ஆண் கொசுக்களை அப்போது வாரத்துக்கு 50 லட்சம் வரை வளர்க்க முடிந்தது. அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

சார், இவை மலட்டுக் கொசுக்கள்தானா?

மலடு என்பது சரியான சொல் இல்லை. ஆணின் உடலில் வொல்பாக்கியா பாக்டீரியா இருக்கும். அது இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரியாது, அவ்வளவுதான். கதிர்வீச்சு கொடுத்து மலடாக்குவது வேறு முறை.

எந்தக் கட்டத்தை முதலில் இயந்திரமாக்க வேண்டும்?

பெண்ணைப் பிரிக்கும் கட்டத்தை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வொல்பாக்கியா உள்ள பெண் சில வெளியே போய் இனம் பெருக்கினால், ஊரில் இருக்கும் கொசுவுக்கும் அந்தப் பாக்டீரியா வந்துவிடும். அதன்பின் நீங்கள் விடும் ஆணால் ஒரு பயனும் இல்லை. பெண் கடிக்கவும் செய்யும்.

முதல் வடிகட்டல் கூட்டுப்புழுப் பருவத்தில். ஆண் கூட்டுப்புழு சிறியது. சல்லடை இடுக்கில் நழுவிக் கீழே போகும், பெண் மேலே தங்கும். இதை மட்டும் நம்பக்கூடாது. சிறகு முளைத்த பிறகு ஒவ்வொன்றாகக் கேமரா முன் நடக்கவிட்டு, மீசையை, அதாவது உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு இறகு போல அடர்ந்திருக்கும், பெண்ணுக்கு மெல்லிய இழைதான். கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 2018-ல் வெரிலி நிறுவனம் சல்லடையோடு இரண்டு கேமராச் சோதனைகளையும் சேர்த்து 1.44 கோடி ஆண்களை விட்டது. 90 கோடியில் ஒரு பெண் நழுவலாம் என்பது அவர்கள் கணக்கு.

சல்லடையில் பெண்களும் இறங்கிவிடுகின்றன. இடுக்கைக் குறைக்கலாமா?

குறைத்தால் ஆணும் மேலேயே நின்றுவிடும். தவறு சல்லடையில் இல்லை, புழுத் தட்டில்தான். தீனி குறைந்தாலோ நெரிசல் கூடினாலோ பெண் சிறுத்து ஆண் அளவுக்கு வந்துவிடும். சர்வதேச அணுசக்தி முகமையின் 100 × 60 செ.மீ. தட்டில் சுமார் 18,000 புழு விடுவார்கள். அந்த எண்ணிக்கை தட்டுக்குத் தட்டு மாறக்கூடாது. கண்ணளவில் ஊற்றாதீர்கள், எண்ணி விடுங்கள். அடுக்கின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நீரின் சூடு வேறுபட்டாலும் இதே தொல்லைதான். ஒரே நாளில் கூட்டுப்புழுவாக வேண்டியவை மூன்று நாளுக்குப் பரவிவிடும். தீனியை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். நீரின் மேல் ஆடை படிந்து புழு மூச்சுத் திணறிச் சாகும்.

கேமரா இல்லாத சிறு கூடம் என்ன செய்வது?

சல்லடைக்குப் பிறகு கூட்டுப்புழுக்களுக்குக் குறைந்த அளவு எக்ஸ்-கதிர் கொடுக்கலாம். ஆணை விடக் குறைந்த கதிரிலேயே பெண் மலடாகிவிடும் என்பதால், தப்பிய பெண்ணால் இனம் பெருக்க முடியாது. சிங்கப்பூரின் தெம்பினிஸ் பகுதியில் இந்த வழியைக் கையாண்டார்கள். ஒரு கவனம்: கூட்டுப்புழுவை நீரில் குவியலாக வைத்துக் கதிர் கொடுக்காதீர்கள். அவை ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் கதிரின் வேலை குறையும். கருவி சரியான அளவைக் காட்டும், முட்டை மட்டும் பொரிந்துகொண்டே இருக்கும்.

முட்டையைச் சேமித்து வைக்கலாமா?

சாதாரண ஏடிஸ் முட்டை காய்ந்த தாளில் மாதக்கணக்கில் தாங்கும். வொல்பாக்கியா முட்டை அப்படித் தாங்காது, வாரம் கூடக்கூடப் பொரிப்பு விழும். தேவைக்கு மட்டும் இடவிடுங்கள்.

புதுச்சேரியில் உருவாக்கியதும் இதே கொசுதானா?

இல்லை. அங்கே உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 2022-ல் அறிவித்தது பெண்ணையும் சேர்த்து விடும் முறைக்கானது. வெளிக்கொசுவுக்கும் வொல்பாக்கியா பரவ வேண்டும், டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் பெருகக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதற்கு இவ்வளவு கடுமையான பிரிப்பு தேவையில்லை.

வெளியே விடக் கொண்டுபோவதற்காகக் குளிர்வித்து அடைத்த ஆண் கொசுக்கள் பறக்காமல் கிடக்கின்றன, ஏன்?

பெரும்பாலும் குப்பியில் அளவுக்கு மீறி அடைத்திருப்பீர்கள். அடியில் இருப்பவற்றின் காலும் சிறகும் நசுங்கிவிடும். ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் எடுத்து, செங்குத்துக் குழாயில் மேலே பறந்து வெளியேறுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.