பயிற்சி டொக்டரை எப்போது தனியாகச் செய்ய விடலாம்?

சத்திரசிகிச்சை பயிலும் டொக்டர்கள் தனியாக ஆபரேஷன் செய்ய எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் றெஜிஸ்ட்ரார்களோடு, அதாவது அந்தப் பயிற்சி டொக்டர்களோடு, ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவன் நான்.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு சேர் இருந்தார். நல்ல மனிதர், கை வேகம். நான் கொஞ்சம் தயங்கினால் ஊசி அவர் கைக்குப் போய்விடும். ஹேர்னியாவுக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு, தோலைத் திறந்தேன், தோலைத் தைத்தேன். நடுவில் உள்ளதெல்லாம் அவர்தான். செய்த ஆபரேஷன்களைப் பதியும் லொக்புக்கில் நான் செய்ததாகவே பதிவானது. பிறகு வேறொரு ஊரில், நள்ளிரவில், பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்துகிடந்த குடல்வாலைத் தேடி நின்றபோதுதான் விளங்கியது: வெட்டத் தெரியும், அடுத்து என்ன என்று முடிவெடுக்கத் தெரியாது. மூத்தவரை போனில் கூப்பிட்டேன். நோயாளி சுகமாக வீடு போனார். அந்த மூத்தவர் வந்துசேரும்வரை நின்ற நேரம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் நான் கையைவிட முடிவைத்தான் பார்க்கிறேன். படுவான்கரையில் வயல் செய்கிற ஐயா ஒருவர் ஹேர்னியாவோடு வந்தால், யார் செய்யப்போவது என்பதை றெஜிஸ்ட்ரார்தான் அவரிடம் முதலில் சொல்லவேண்டும். "பெரிய டொக்டர் நிப்பார்தானே மனே?" என்று கேட்பார்கள். நிற்பேன், எதிர்ப்பக்கம், வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் றிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு.

ஹேர்னியாவில் பலவீனமான இடத்தின்மேல் வைத்துத் தைக்கிற வலையின் முதல் தையல் முக்கியமானது. இடுப்பு முன்னெலும்பின் முனையைத் தாண்டி வலை ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் போகவேண்டும். குறைந்தால் அந்த மூலையிலேயே ஹேர்னியா திரும்பலாம். ஊசி எலும்புச் சவ்வில் ஏறினால் வலி விடாது. "எங்கே போடப்போறீங்க, ஏன்?" இதை மட்டும் கேட்பேன். பதில் சரியென்றால், கை மெதுவாகப் போனாலும் ஊசியை வாங்கமாட்டேன்.

பயிலுபவருக்கு மூத்தவர் எவ்வளவு உதவுகிறார் என்று பார்க்க ஸ்விஷ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. செய்துகாட்டுவது, கூடவே கைகொடுப்பது, பின்னால் நின்று உதவுவது, மேற்பார்வை மட்டும் என்று நாலு படி. ஹேர்னியாவில் நாலாம் படியில் நிற்பவர் லப்பிரஸ்கோப்பில், அதாவது சிறு துளை வழியே கமெராவால் பார்த்து, பித்தப்பை எடுக்கும்போது இரண்டாம் படியில் நிற்கலாம். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு குழாயும் ஒரு நாடியும் என்று தெளிவாகக் காணும்வரை அங்கே யாரையும் கிளிப் போட விடமாட்டேன்.

போன மாதம் ஒரு றெஜிஸ்ட்ரார் பிள்ளை ஹேர்னியா செய்தபோது, கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் ஸ்டூலில் இருந்தேன். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எழும்பவில்லை. குனிந்து, நரம்பை ஒதுக்கிவிட்டு, முதல் தையலைப் போட்டார்.