மூடுபனிக்குள் நின்றால் குறி கூடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிநூலை வைத்து ஆடுகிறோம். நான்தான் டிஎம் (ஆட்டத்தை நடத்தி, தீர்ப்புச் சொல்பவர்). சென்ற ஆட்டத்தில் ஒருவர் 400 அடி தள்ளி நின்ற கோப்ளினை (ஒரு குட்டி அரக்கன்) லாங்போ என்ற நீள வில்லால் குறிவைத்தார். 150 அடியைத் தாண்டிவிட்டதால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். உடனே மந்திரவாதியாக ஆடுபவர் வில்லாளியைச் சுற்றியே ஃபாக் கிளவுட் என்ற மூடுபனி மந்திரத்தைப் போட்டுவிட்டு, "இப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. எல்லாம் கழிந்துபோகும், சாதாரணமாக உருட்டலாம்" என்றார். புத்தகத்தில் தேடினால் அவர் சொல்வதுதான் இருக்கிறது. கண்ணை மறைத்தால் குறி கூடுமா? மாயமானவரைக் காட்டும் சீ இன்விசிபிலிட்டி மந்திரம் போட்டவருக்கும் மாயமானவரைத் தாக்குவதில் டிஸ்அட்வான்டேஜ் உண்டு என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மந்திரவாதி விதியைச் சரியாகவே படித்திருக்கிறார். நீங்கள் பார்க்காத இலக்கைத் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ். உங்களைப் பார்க்க முடியாத இலக்கைத் தாக்கினால் அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் கூடியதை எடுப்பது). இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டுமே இல்லை என்று பொருள். எத்தனை டிஸ்அட்வான்டேஜ் குவிந்திருந்தாலும் ஒரே ஒரு அட்வான்டேஜ் போதும், எல்லாம் கழிந்துவிடும். அந்தக் கழிவோடு தூரத்துக்கான டிஸ்அட்வான்டேஜும் போய்விடுகிறது.

கணக்கில் பாருங்கள். கோப்ளினின் ஏசி, அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண், 15. வில்லாளி பகடையோடு கூட்டுவது +5 என்றால் டி20-இல் (இருபது முகப் பகடை) 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55%. டிஸ்அட்வான்டேஜில் இரண்டு பகடையுமே 10-ஐத் தொட வேண்டியிருப்பதால் 30.25%. ஆக, கண்ணைக் கட்டிக்கொண்டதும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. (கோப்ளினின் ஷார்ட்போ 320 அடிக்கு மேல் எட்டாது. அந்தத் தூரத்தில் அதனால் திருப்பிச் சுடவே முடியாது.)

கழித்தல் விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அடிக்கும் கூட்டல் கழித்தல் பட்டியல் போட வேண்டாம் என்பதற்காகவே அதை அப்படி எழுதினார்கள். பிழை அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. வருவது தெரியாதவனால் விலக முடியாது என்பதால்தான் பார்க்க முடியாத இலக்குக்கு எதிராக அட்வான்டேஜ் தருகிறார்கள். அடிப்பவனுக்காவது கண் தெரியும் என்று அந்த வரி எண்ணிக்கொள்கிறது, ஆனால் அதை எழுத்தில் வைக்கவில்லை.

பலர் இதற்குச் செய்யும் வைத்தியம், எண்ணிப் பார்த்து எது அதிகமோ அதை வைத்துக்கொள்வது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வில்லாளியின் சிக்கல் தீரும். ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து மந்திரவாதியின் துணை ஆந்தை தரும் ஹெல்ப் (உதவி), ஃபேரி ஃபயர் மந்திரம் என்று ஒவ்வொருவரும் அட்வான்டேஜ் சேகரிக்கத் தொடங்குவார்கள். அதோடு, பனிக்குள் வாளோடு மோதும் இருவருக்கும் ஒன்றுக்கு ஒன்று கழிந்து பழையபடி 55%தான் நிற்கும்.

விடுபட்ட நிபந்தனையைச் சேர்த்துவிடுவதே சரி: "இலக்கை நீங்கள் பார்க்க முடிந்தால் மட்டுமே, அது உங்களைப் பார்க்காததால் வரும் அட்வான்டேஜ் உங்களுக்கு உண்டு." இந்த ஒரு வரி போதும். வார்லாக் (ஒரு வகை மந்திரவாதி) ஒருவர் இருட்டிலும் பார்க்கவைக்கும் டெவில்ஸ் சைட் திறனை எடுத்து டார்க்னெஸ் என்ற இருள் மந்திரத்துக்குள் நின்றால் அவருக்கு 120 அடி வரை கண் தெரியும், எதிரிக்குத் தெரியாது; அவருடைய அட்வான்டேஜ் அப்படியே இருக்கும். புதுத் தீர்ப்பு எதையும் கொண்டுவருமுன் இப்படி யாருடைய திறமையையாவது பறிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. இரு பக்கமும் குருடாக மோதும் சண்டையில் ஒவ்வொரு அடியும் 30.25% ஆவதால் சண்டை ஏறக்குறைய 1.8 மடங்கு நீளும். பனியிலோ இருட்டிலோ பெரிய சண்டை வைக்கும் எண்ணமிருந்தால் எதிரிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வரி எழுத மனமில்லையென்றால் 2014 நூலிலேயே இன்னொரு பிடி இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காத இலக்கைத் தாக்க, ஒன்று அதன் சத்தம் கேட்க வேண்டும், அல்லது அது நிற்கும் இடத்தை ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் பகடை என்ன சொன்னாலும் அம்பு வீண். 400 அடியில் காலடி ஓசை கேட்காது என்று சொல்ல டிஎம்முக்கு முழு உரிமை உண்டு. கோப்ளின் ஒரு டர்னில் (தன் முறையில்) 30 அடி நகரும், அதாவது 5 அடிக் கட்டங்களில் ஆறு. மூலைவிட்டத்தையும் 5 அடியாக எண்ணினால் அது 13-க்கு 13, ஆக 169 கட்டங்களில் எதிலும் இருக்கலாம். அதன் டர்ன் ஒன்று கழிந்ததும் வில்லாளியைக் கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் தானே பனியை விட்டு வெளியே வருவார்.

இன்விசிபிலிட்டி பற்றிக் கேட்டதும் உண்மைதான். 2014-இல் மாயமாக இருப்பது என்ற அந்தக் கண்டிஷனில் (நிலையில்) இரண்டு வரிகள். முதலாவது, உங்களைப் பார்க்க முடியாது. இரண்டாவது, உங்கள் மேல் வரும் அடிகளுக்கு டிஸ்அட்வான்டேஜ், உங்கள் அடிகளுக்கு அட்வான்டேஜ். இரண்டாவது வரி முதலாவதைச் சார்ந்து நிற்கவில்லை. சீ இன்விசிபிலிட்டி முதலாவதை மட்டுமே உடைக்கிறது. காரணத்தையும் விளைவையும் தனித்தனியாக எழுதி, நடுவில் முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டார்கள். மூடுபனியிலும் இதே பிழைதான். 2024 நூலில் முடிச்சுப் போட்டார்கள்: உங்களை எப்படியோ பார்க்க முடிகிற எதிரிக்கு எதிராக அந்தப் பலன் கிடையாது. இந்த வாசகத்தை உங்கள் மேசைக்கு இன்றே எடுத்துக்கொள்ளலாம், வேறெதுவும் குலையாது.

ஆனால் எல்லா விபரீதமும் இந்த வகை அல்ல. ஆயிரம் குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரு செயலை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கும் ரெடி ஆக்‌ஷனில் ஈட்டியைக் கைமாற்றி, ஒரே ரவுண்டான 6 விநாடிக்குள் 5,000 அடி கடத்துவதாகச் சொல்வார்கள். கடத்தட்டும். கடைசி ஆள் எறியும்போது அது சாதாரண ஈட்டியின் சேதத்தைத்தான் தரும், வேகத்துக்குச் சேதம் தரும் விதி எதுவும் இல்லை. கடத்த விதியையும் தாக்க இயற்பியலையும் கேட்பவருக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விதிகள் இயற்பியல் அல்ல என்று 2024 டிஎம் கையேடே இந்த உதாரணத்தை வைத்துச் சொல்கிறது.

ஆட்டத்தின் நடுவே வாதம் எழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் தீர்ப்புச் சொல்லுங்கள், பக்க எண்ணோடு நோட்டில் குறித்துவையுங்கள், விவாதத்தை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு அரக்கர்களுக்கும் பொருந்த வேண்டும்: அடுத்த முறை உங்கள் கோப்ளின்கள் பனிக்குள்ளிருந்து எய்தால் அவற்றுக்கும் டிஸ்அட்வான்டேஜ்தான். சென்ற வாரம் அந்த அம்பு பட்டிருந்தால் பட்டதாகவே இருக்கட்டும். புதிய வரி அடுத்த ஆட்டத்திலிருந்து நடைமுறைக்கு வரட்டும், ஆட்டம் தொடங்குமுன் அதை உரக்க வாசித்துவிடுங்கள்.